பாவம் ஓரிடம், பழி பேட்டரியிடம்

மாப்பிள்ளை அழைப்புக்குப் பழைய கார்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற குடும்பங்கள் இன்றும் உண்டு. கூரை திறந்த பிளிமத், செவர்லே கிடைத்தால் யோகம். இல்லையென்றால் வெள்ளை அம்பாசடர். காஞ்சிபுரத்தில் அந்த ஊர்வலம் ராஜ வீதிகளில் ஏதோ ஒன்றில் புறப்பட்டு, நாகஸ்வரக்காரர் நின்றால் நின்று, நகர்ந்தால் நகர்ந்து, கால் மணியில் நடந்துவிடக்கூடிய தூரத்தை இரண்டு மணி நேரத்தில் கடக்கும். எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஹெட்லைட் முதல் உள்விளக்கு வரை எல்லாம் எரியும். மண்டப வாசலில் டிரைவர் வண்டியை அணைப்பார். ஆரத்தி முடிந்து, ஓரங்கட்டலாம் என்று மறுபடி சாவியைத் திருப்பினால் செல்ஃப் ‘டக்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடும். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு மச்சான்கள் தள்ளுவார்கள்.

“பேட்டரி போச்சு” என்று அங்கேயே தீர்ப்பு எழுதப்படும். புது பேட்டரி வாங்கி மாட்டுவார்கள். அடுத்த முகூர்த்தத்தில் அதுவும் ‘டக்’ என்னும். பழைய கார் வைத்திருப்பவர்களிடம் பேசினால், வண்டியில் உள்ள சாமான்களிலேயே குற்றம் செய்யாமல் அதிகம் தண்டனை பெற்றது பேட்டரிதான் என்று தோன்றும். பேட்டரி காலியாகிறது என்றால், அதற்குள் வர வேண்டியது எங்கேயோ வராமல் நிற்கிறது. எங்கே நிற்கிறது என்று வரிசையாகத் தேடினால், சார்ஜ் ஏறும் ஏற்பாடு முழுவதுமே நமக்குப் புரிந்துவிடும்.

முதலில் கணக்கு. 45 வாட் ஹெட்லைட் இரண்டு, 12 வோல்ட் வண்டியில் ஏழரை ஆம்பியர் இழுக்கும். பார்க்கிங் விளக்கு, டெயில் லைட், நம்பர் பிளேட் விளக்கு எல்லாம் சேர்ந்து இன்னும் இரண்டு. இக்னிஷன் காயில் மூன்று வரை. ஆக 12 ஆம்பியருக்குக் குறையாது. பூ அலங்காரத்துக்கு நடுவே யாராவது சீரியல் செட் மாட்டியிருந்தால் அது தனி. இரண்டு மணி நேரத்துக்கு 25 ஆம்பியர்-மணி செலவு. வண்டியில் இருப்பது 50, 60 ஆம்பியர்-மணி பேட்டரி. புதிதாக இருந்தாலே பாதி காலி. வயதான பேட்டரியாக இருந்தால் அடி தட்டிவிடும். இதற்குப் பிறகு செல்ஃப் மோட்டார் வந்து நூறு ஆம்பியருக்கும் மேல் கேட்கிறது.

செலவு இது. அந்த இரண்டு மணி நேரத்தில் வரவு எவ்வளவு? அநேகமாக ஒன்றுமே இல்லை. எஞ்சின் ஓடுகிறதே, டைனமோ சுற்றுகிறதே என்று கேட்கலாம். சுற்றுகிறதுதான், ஆனால் போதுமான வேகத்தில் இல்லை.

காந்தப்புலத்துக்குள் செம்புக் கம்பி அசைந்தால் அதில் மின்சாரம் பிறக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831இல் காட்டினார். காந்தம் எவ்வளவு வலுவோ, அசைவு எவ்வளவு வேகமோ, அவ்வளவு வோல்ட். டைனமோவுக்குள் ஆர்மேச்சர் என்கிற உருளையில் செம்புக் கம்பி சுற்றியிருக்கும். ஃபேன் பெல்ட் அதைச் சுழற்றும். எஞ்சின் ஐட்லிங்கில் முனகிக்கொண்டிருக்கும்போது பிறக்கிற வோல்ட் பேட்டரியின் 12ஐ எட்டாது. எட்டாவிட்டால் ஒரு சொட்டுக்கூடப் பேட்டரிக்குள் இறங்காது. அம்பாசடரின் தலைமுறையைச் சேர்ந்த பிரிட்டிஷ் வழிக் கார்களில் பரவலாக இருந்த லூகாஸ் சி-40 டைனமோ, நிமிடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் சுற்றுகளைத் தாண்டிய பிறகுதான் கொடுக்கவே ஆரம்பிக்கும். அதன் உச்ச வரவான 22 ஆம்பியர் கிடைக்க 2,000 சுற்றுகளுக்கு மேல் வேண்டும். வாலாஜாபாத் வழியாகச் செங்கல்பட்டுக்கு ஒரு மணி நேரம் ஓட்டினால் செலவு போக மிச்சம் சேரும். ராஜ வீதியில் ஊர்ந்தால் சேராது. ஊர்வலத்தில் நின்றுபோன காரில் எந்தப் பழுதுமே இல்லாமல் இருக்கலாம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இதைச் சொன்னால் சில எலக்ட்ரிஷியன்களுக்கு வருமானம் குறையும்.

வண்டி நிற்கும்போது டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுக்கென்று எரிந்து, ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் அணைவதை டிரைவர்கள் தினமும் பார்க்கிறார்கள். அந்த விளக்கின் ஏற்பாடு நூதனமானது. அதன் ஒரு முனை பேட்டரிப் பக்கம், மறுமுனை டைனமோ பக்கம். இரண்டு பக்கமும் வோல்ட் வேறுபட்டால் எரியும், சமமானால் அணையும். வேகமாகப் போகும்போதும் மங்கலாக எரிந்துகொண்டே இருந்தால், இரு பக்கமும் இன்னும் சமமாகவில்லை, நடுவே எங்கேயோ தடை இருக்கிறது என்று அர்த்தம். காசு கொடுத்து வாங்குகிற எந்த மீட்டருக்கும் முன்னால், காரோடு வந்த மீட்டர் இது.

சரி, டைனமோவுக்குள் காந்தம் எங்கிருந்து வருகிறது? சைக்கிள் டைனமோவில் இருப்பது போன்ற நிரந்தரக் காந்தம் இதில் கிடையாது. இரும்புக் கட்டையைச் சுற்றி ஃபீல்டு காயில். அதில் மின்சாரம் ஓடினால்தான் இரும்பு காந்தமாகும். அந்த மின்சாரத்தைக் கொடுப்பது யார்? அதே டைனமோதான். தானே பிறப்பித்த மின்சாரத்தில் தன் காந்தத்தை வளர்த்து, அந்தக் காந்தத்தால் இன்னும் மின்சாரம் பிறப்பிக்கிறது. முதல் துளிக்கு மட்டும் வேறு வழி வேண்டும். ஒரு முறை காந்தமான இரும்பு, மின்சாரம் நின்ற பிறகும் காந்தத்தன்மையைக் கொஞ்சம் விடாமல் வைத்திருக்கும். எஞ்சின் நின்று ஆறு மாதம் ஆனாலும் டைனமோவின் இரும்பில் போன பயணத்தின் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தில் சுழன்று பிறக்கிற ஒரு வோல்ட், ஒன்றரை வோல்ட்தான் முதல். இப்படித் தன்னைத் தானே எழுப்பிக்கொள்ளும் எந்திரத்தைப் பற்றி 1867 பிப்ரவரி 14 அன்று லண்டன் ராயல் சொசைட்டியில் ஒரே கூட்டத்தில் இரண்டு கட்டுரைகள் வாசிக்கப்பட்டன. ஒன்று சீமன்ஸ் சகோதரர்களுடையது, மற்றது சார்லஸ் வீட்ஸ்டனுடையது. இரு தரப்பினரும் தனித்தனியாக அங்கே வந்து சேர்ந்திருந்தார்கள்.

பழுது தேடுகிறவருக்கு இந்த மிச்சக் காந்தம் பெரிய உதவி. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரிஷியன் கடையில் அதைக் கண்ணால் பார்க்கக் கிடைத்தது. சார்ஜ் ஏறவில்லை என்று வந்த அம்பாசடர் மார்க் 2. கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர். பேட்டரிப் பக்கம் திரும்பவே இல்லை. டைனமோவின் பின்பக்கம் இரண்டு டெர்மினல்கள்: பெரியது ‘டி’, அதில்தான் மின்சாரம் வெளியே வரும், சின்னது ‘எஃப்’, ஃபீல்டு காயிலுக்குப் போவது. இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டார். டெர்மினல்கள் இரண்டையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்தார். முள் வைத்த பழைய வோல்ட்மீட்டரின் ஒரு கிளிப் அந்தக் கம்பியில், மற்றது டைனமோவின் உடம்பில். “மெதுவா ஏத்துப்பா, ரொம்ப வேணாம்” என்று பையனிடம் சொன்னார். எஞ்சின் சத்தம் கூடியது. முள் ஒன்றுக்கு வந்து அங்கேயே நின்றது.

“ஃபீல்டு சார்” என்றார்.

திறந்து பார்க்காமலே எப்படிச் சொல்ல முடிந்தது? முள் எழும்பவே இல்லையென்றால், சுழலும் ஆர்மேச்சரிலிருந்து மின்சாரத்தை எடுக்கும் கார்பன் பிரஷ் அதைத் தொடவில்லை என்று சந்தேகப்படலாம். ஒரு வோல்ட் வந்துவிட்டது. ஆகவே ஆர்மேச்சர் சுழல்கிறது, பிரஷ் தொடுகிறது, இரும்பில் மிச்சக் காந்தம் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வோல்ட் ஃபீல்டு காயிலுக்குள் போய்க் காந்தத்தை வளர்த்திருந்தால் முள் விறுவிறுவென்று ஏறியிருக்கும். ஏறவில்லை. எனவே காயில்தான் வழிவிடவில்லை. முள் நாலு, ஐந்து வோல்ட் வரை வந்து நின்றிருந்தால் கதை வேறு: காந்தம் வளர்ந்திருக்கிறது, ஆனால் ஆர்மேச்சரில் சில சுற்றுகள் வெந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. ஒரே முள், மூன்று வெவ்வேறு இடங்கள், மூன்று வெவ்வேறு நோய்கள். பழைய பிரிட்டிஷ் சர்வீஸ் மேனுவல்களில் இந்தப் பரிசோதனை இதே எண்களுடன் அச்சாகியிருக்கிறது. அந்தப் பெரியவர் மேனுவல் எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. தொழில் கற்றுக்கொடுத்தவரிடம் கற்றதாகச் சொன்னார்.

மெதுவாக ஏற்றச் சொன்னதற்கும் காரணம் உண்டு. ‘டி’யையும் ‘எஃப்’ஐயும் நேராகச் சேர்த்துவிட்டால் டைனமோவுக்குக் கடிவாளம் கிடையாது. நன்றாக இருக்கிற டைனமோவாக இருந்தால் வேகத்தோடு வோல்ட்டும் ஏறி 20ஐத் தாண்டி, தன் காயிலைத் தானே எரித்துக்கொள்ளும்.

கழற்றிப் பார்த்தபோது ஃபீல்டு காயிலின் முனை, டெர்மினலில் ஈயப் பற்று வைத்த இடத்தில் விட்டுப்போயிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தொட்டுக்கொண்டிருப்பது போலவே தெரிந்தது. விரலால் தட்டியதும் ஆடியது. பற்று வைத்து முடித்த பிறகு, வண்டியில் ஏற்றுவதற்கு முன் இன்னொரு சோதனை. டைனமோவை மேசையில் வைத்து, ‘டி’யும் ‘எஃப்’பும் சேர்த்துப் பேட்டரியின் ஒரு முனையில், உடம்பை மறுமுனையில் இணைத்தார். டைனமோ மோட்டாராக மாறி நிதானமாகச் சுழன்றது. சுழற்றினால் மின்சாரம் தரும் எந்திரத்துக்கு மின்சாரம் கொடுத்தால் சுழலும். 1873இல் வியன்னா கண்காட்சியில், கிராம் என்பவர் வடிவமைத்த டைனமோ ஒன்றின் மின்சாரத்தை இன்னொன்றுக்குக் கொடுத்து அதை ஓட்டிக் காட்டியபோது, உலகத் தொழிற்சாலைகளுக்கே புது வழி திறந்தது. இங்கே அது பத்து நொடியில் முடியும் பரிசோதனை. பற்று சரி, காயில் சரி, பிரஷ் சரி.

டைனமோ கழன்றிருக்கும்போதே கம்யூட்டேட்டரையும் கவனித்துவிடுவது தொழில் தெரிந்தவர்களின் வழக்கம். ஆர்மேச்சர் முனையில் செம்புப் பட்டைகள் வட்டமாக நிற்கும்; பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே மைக்கா. கார்பன் தூள் படிந்து கறுத்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் துடைக்கலாம். எமரித் தாள் கூடாது, அதன் துகள் செம்பில் பதிந்து பிரஷைத் தின்றுவிடும். செம்பு தேய்ந்து மைக்கா துருத்தினால் பிரஷ் குதிக்கும், தீப்பொறி பறக்கும். அதற்கு ஹாக்ஸா பிளேடை மைக்காவின் கனத்துக்குத் தீட்டி, ஒவ்வொரு இடுக்கிலும் முக்கால் மில்லிமீட்டர் அளவுக்குச் சுரண்டி இறக்குவார்கள். பொறுமை வேண்டிய வேலை. கூலி குறைவு.

கம்யூட்டேட்டர் எதற்கு என்று கேட்டால் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு எளிதில் விளங்கும் ஒரு பதில் இருக்கிறது: சரிகை. பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் ஏற்றுவது சரிகை. 1971இல் தொடங்கிய தமிழ்நாடு சரிகை நிறுவனம் இந்த ஊரில்தான் இருக்கிறது. முலாம் ஏற்றுவது மின்சாரம். கரைசலில் உள்ள தங்கம் ஒரே திசையில் நகர்ந்து வெள்ளியின் மேல் படிய வேண்டும்; திசை மாறி மாறி ஓடும் வீட்டு மின்சாரத்தை அப்படியே கொடுத்தால் படிந்தது மறுகணம் கரையும். பேட்டரிக்கும் இதே சட்டம்தான். ஆனால் காந்தத்துக்குள் சுழலும் கம்பியில் பிறப்பதோ ஒவ்வொரு அரைச் சுற்றிலும் திசை மாறும் மின்சாரம். கம்யூட்டேட்டர் அந்தந்த நேரத்தில் முனைகளை மாற்றிக் கொடுத்து ஒரே திசைக்குக் கொண்டுவருகிறது. காரில் ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே இந்த எந்திரம் செய்த வேலையும் முலாம் பூசுவதுதான். 1844இல் ஊல்ரிச் என்பவர் செய்வித்த ஜெனரேட்டர், இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் எல்கிங்டன் நிறுவனத்தின் முலாம் பூசும் தொழிலுக்குப் பயன்பட்டது. இன்றும் அந்த ஊர் அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம்.

லூகாஸும் பர்மிங்ஹாம்காரர்தான். ஜோசப் லூகாஸ் மண்ணெண்ணெய் விற்றுத் தொடங்கிய வியாபாரம் பின்னாளில் பிரிட்டிஷ் கார்களின் மின்சாமான்களில் பெரும்பாலானவற்றைச் செய்தது. அந்தச் சாமான்கள் அடிக்கடி கண்ணை மூடியதால் பழைய கார்ப் பிரியர்கள் அவருக்கு ‘இருளின் இளவரசர்’ என்று பட்டம் சூட்டினார்கள். அந்த நையாண்டியில் பாதிதான் நியாயம். சரியாக எர்த் பிடிக்காத வண்டியில் எந்தக் கம்பெனி சாமானும் கண்ணை மூடத்தான் செய்யும். 1961இல் லூகாஸும் டி.வி.எஸ்.ஸும் சேர்ந்து சென்னைக்குப் பக்கத்தில் பாடியில் தொழிற்சாலை தொடங்கின. பஸ் நிறுத்தத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அதே 1961இல் வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் உருவாகத் தொடங்கியது. பாடியும் வண்டலூரும் அப்போது செங்கல்பட்டு மாவட்டம். 1968 முதல் அந்த மாவட்டத்துக்குத் தலைநகர் காஞ்சிபுரம். 1997இலும் 2019இலும் கோடுகள் மாறிவிட்டதால் இதை இப்போது வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. இந்த ஊர் மெக்கானிக்குகளுக்கு லூகாஸ் சாமான் எப்போதும் அந்நியச் சரக்காக இருந்ததில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

டைனமோவில் பிறந்தது நேரே பேட்டரிக்குப் போவதில்லை. நடுவே கறுப்பு மூடி போட்ட பெட்டி ஒன்று இருக்கும். மெக்கானிக்குகள் அதை மொத்தமாக ‘கட்-அவுட்’ என்பார்கள். உள்ளே இருப்பது இரண்டு மின்காந்தங்கள். ஒன்றுதான் கட்-அவுட், மற்றது ரெகுலேட்டர். டைனமோவின் வோல்ட் சுமார் 13ஐ நெருங்கியதும் கட்-அவுட் தன் தகட்டை இழுத்துப் பாதையை மூடி இணைக்கும்; குறைந்தால் விட்டுவிடும். விடாமல் போனால் என்ன ஆகும் என்பதை அந்த மேசைச் சோதனையிலேயே பார்த்தோம். நின்றுபோன வண்டியில் பேட்டரி தன் மின்சாரத்தை டைனமோவுக்குள் கொட்டி அதை மோட்டாராக்கப் பார்க்கும். பெல்ட் பிடித்துக்கொண்டிருப்பதால் அது சுழலாது, சூடாகும். கட்-அவுட் பாயின்ட்டுகள் தீய்ந்து ஒட்டிக்கொண்ட வண்டியில் ராத்திரியோடு ராத்திரியாகப் பேட்டரி தீர்வது இப்படித்தான். சில நேரம் புகையும் வரும். வண்டியை அணைத்த பிறகு டைனமோவைத் தொட்டுப் பார்த்தால் எஞ்சினின் சூட்டைவிடக் கூடுதலாகச் சுட்டால், முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள், யோசிப்பது அப்புறம்.

ரெகுலேட்டர் செய்யும் வேலை இன்னும் நுணுக்கமானது. வோல்ட் ஏறினால் அதன் பாயின்ட்டுகள் பிரிந்து ஃபீல்டு காயிலுக்குப் போகும் மின்சாரத்தை ஒரு தடை வழியாகத் திருப்பிவிடும். காந்தம் இளைக்கும், வோல்ட் இறங்கும், உடனே பாயின்ட்டுகள் மறுபடி சேரும். இது நொடிக்குப் பல பத்து முறை நடக்கிறது. மூடியில் விரல் வைத்தால் மெல்லிய அதிர்வு தெரியும். ஒரு சில்லுகூட இல்லாமல், ஒரு சுருள்வில்லும் ஒரு தகடும் சேர்ந்து கணக்குப் பார்க்கின்றன. அந்தத் தகட்டுக்குப் பின்னால் இரண்டு உலோகம் ஒட்டிய பட்டை ஒன்று வைத்திருந்தார்கள்: வெயில் ஏறினால் அது வளைந்து, வோல்ட்டைக் கொஞ்சம் குறைக்கும். குளிரில் தூக்கிக் கொடுக்கும். யாரோ ஒரு வடிவமைப்பாளர் பேட்டரியின் வேதியியலை அறிந்து, அதைப் பித்தளைக்கும் எஃகுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இந்தப் பெட்டியைத் திறந்து ஸ்க்ரூவைத் திருகிப் ‘பார்க்கலாம்’ என்று நினைக்கிறவர்கள் கைக்கு ஆளாகிக் கெட்டுப்போன கட்-அவுட்டுகள், தானாகக் கெட்டவற்றைவிட அதிகம் என்பது என் எண்ணம். பேட்டரி இணைப்பு இல்லாமல் அளந்தால் இந்த ரெகுலேட்டர் 16 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். அது பழுதல்ல, அப்படித்தான் வைக்கப்பட்டிருக்கிறது. சுமை ஏறியதும் தானே இறங்கிவிடும். இது தெரியாமல் 16ஐப் பார்த்துப் பதறி ஸ்க்ரூவைத் தளர்த்தினால் பிறகு பேட்டரி நிறையவே நிறையாது.

பெல்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நடுவில் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். ஓரங்கள் கண்ணாடி போலப் பளபளத்தால் வழுக்குகிறது, மாற்றிவிடுங்கள். பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, மறுபடி மாட்டி, வாசலின் தடவலாம். எர்த் மட்டும் எல்லோரும் மறக்கிற இடம். மின்சாரம் போவதற்கு ஒயர் போட்டிருக்கிறார்கள். திரும்பி வருவது வண்டியின் உடம்பு வழியே. பெயின்ட் அடித்த இடத்தில், துருவேறிய போல்ட்டில் அது திணறும். எஞ்சின் ஓடும்போது வோல்ட்மீட்டரின் ஒரு முனையை டைனமோவின் உடம்பிலும் மற்றதைப் பேட்டரியின் எர்த் முனையிலும் வைத்தால் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் திருடன் அங்கேதான் இருக்கிறான். செலவு: ஒரு உப்புத்தாள். அழகாகப் புதுப் பெயின்ட் அடித்துப் பட்டறையிலிருந்து வந்த மறுநாளிலிருந்து சார்ஜ் ஏறாத வண்டிகளில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் பேட்டரியை விசாரிப்பது முறை. எஞ்சினை அணைத்துச் சில மணி நேரம் விட்டு அளந்தால் 12.6 வோல்ட் என்பது முழு வயிறு; 12.2 பாதி, 12க்குக் கீழே பட்டினி. காஞ்சிபுரத்தில் பேட்டரி சாவதற்கு வெயிலும் பஞ்சாங்கமும் காரணம். அக்னி நட்சத்திரத்தில் பானெட்டுக்குள் இருக்கும் சூட்டில் வேதிவினைகள் வேகம் பிடிக்கும். பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் பழைய கைக்கணக்கு. பேட்டரியின் ஆயுளும் அந்த வேகத்தில் கரையும். தண்ணீர் வற்றும். டிஸ்டில்ட் வாட்டருக்குப் பதிலாக போர் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் உண்டு. அந்த உப்பெல்லாம் தகட்டில்தான் போய் உட்காரும். பஞ்சாங்கம் செய்கிற கேடு வேறு மாதிரி. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, ஊர்வலக் கார்கள் ஷெட்டில் நிற்கும். அரைகுறைச் சார்ஜோடு நிற்கும் பேட்டரியில் ஈய சல்ஃபேட் சிறு துகளாக இருந்தது மெல்ல மெல்லக் கெட்டிப் படிகமாக இறுகும். தை பிறந்து சார்ஜ் போட்டால் அந்தப் படிகம் கரைய மறுக்கும். ஓடித் தேய்ந்த பேட்டரியைவிட, ஓடாமல் கெட்ட பேட்டரிதான் இந்த வண்டிகளில் அதிகம். ஆடி மாதத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை வெளிச் சார்ஜர் போட்டு முழுதாக நிரப்பி வைப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை.

ஈயப் பேட்டரி பழைய சரக்கு. பிரெஞ்சுக்காரர் கஸ்தோன் பிளாந்தே 1859இல் கண்டுபிடித்தது. ஆனால் அது ஏன் இவ்வளவு வோல்ட் தருகிறது என்பது 150 ஆண்டுகளுக்குப் பிறகுதான் கணக்கில் வந்தது. 2011இல் ராஜீவ் அஹுஜா, பெக்கா பியூக்கோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் ‘ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். ஈயத்தின் அணுக்கருவில் 82 புரோட்டான்கள். அந்த இழுப்பில் உள்வட்ட எலெக்ட்ரான்கள் ஒளிவேகத்தில் ஏறத்தாழ 60 சதவீத வேகத்தில் ஓடுகின்றன. அவ்வளவு வேகத்தில் நியூட்டன் கணக்குச் செல்லாது, ஐன்ஸ்டைனின் சார்பியல் வந்துவிடும். சார்பியலால் ஈயத்தின் எலெக்ட்ரான் கூடுகள் சுருங்கி, ஈய ஆக்சைடு எலெக்ட்ரானைப் பறிக்கும் வலு கூடுகிறது. பேட்டரியின் ஒவ்வொரு அறையிலும் கிடைக்கிற இரண்டு வோல்ட்டுச் சொச்சத்தில் 1.7 முதல் 1.8 வரை சார்பியலின் கொடை என்றார்கள். ஆறு அறைக்கும் கூட்டினால் 12 வோல்ட்டில் பத்துக்கும் மேல். ஈயத்தின் தம்பி தகரத்தில் இப்படி ஒரு பேட்டரி ஏன் இல்லை என்பதற்கும் இதே காரணம்தான்: அதன் எண் 50, எலெக்ட்ரான்கள் அவ்வளவு விரைவதில்லை. ஐன்ஸ்டைன் இல்லாவிட்டால் அம்பாசடரை ஹேண்டில் போட்டுத்தான் கிளப்ப வேண்டியிருக்கும். முன்பக்க பம்பரில் அதற்கென்று ஒரு துளையும் விட்டிருந்தார்கள்.

இனி, ஊர்வலக் காருக்கு என்ன வழி? நேர்மையான பதில் ஆல்டர்னேட்டர். டைனமோவில் கம்பி சுழலும், காந்தம் நிற்கும். ஆல்டர்னேட்டரில் காந்தம் சுழலும், கனமான கம்பிச் சுற்று அசையாமல் வெளியே நிற்கும். மொத்த வரவையும் பிரஷ் சுமக்க வேண்டியதில்லை, அதனால் சின்ன புல்லி போட்டு வேகமாகச் சுழற்றலாம், ஐட்லிங்கிலேயே வரவு வரும். திசை மாறும் மின்சாரத்தைக் கம்யூட்டேட்டருக்குப் பதில் ஆறு சிலிக்கான் டயோடுகள் திருப்பிவிடுகின்றன. டயோடு மலிவாகும்வரை இது கார்களுக்கு எட்டாத ஏற்பாடு. கிரைஸ்லர் 1960இல் வேலியன்ட் காரில் கொண்டுவந்த பிறகு மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். கண்காட்சியில் நிறுத்தும் வண்டி என்றால் டைனமோவை எடுக்காதீர்கள், அதன் அழகே வேறு. வாரம் ஒரு மாப்பிள்ளையை ஏற்றும் வண்டிக்கு அந்த விசுவாசம் தேவையில்லை.

மாற்றும்போது மூன்று இடங்களில் கை சுடும். 1960களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். அதைக் கவனிக்காமல் ஆல்டர்னேட்டரை மாட்டினால் டயோடுகள் ஒரே நொடியில் போய்விடும். 22 ஆம்பியருக்கு என்று போட்ட பழைய ஒயர் வழியே அதைவிட இரு மடங்கு போனால் ஒயர் உருகும். பேட்டரிக்கு நேராகப் புதுக் கனத்த ஒயர் இழுக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, ‘வண்டி ஓடுகிறதா பார், ஓடினால் சார்ஜ் வருகிறது’ என்று பார்க்கிற பழைய வித்தையை இனிமேல் மறந்துவிட வேண்டும். பேட்டரி என்கிற மெத்தை விலகிய கணத்தில் வோல்ட் எகிறி டயோடையும் ரெகுலேட்டரையும் தூக்கி அடிக்கும்.

டாஷ்போர்டின் சிவப்பு விளக்கும் இப்போது வேறு வேலைக்கு மாறியிருக்கும். டைனமோவுக்கு அது வெறும் தகவல் சொல்லி. பல்பு போனாலும் சார்ஜ் ஏறும். பல ஆல்டர்னேட்டர்களில் சுழலும் காந்தத்துக்கு முதல் மின்சாரம் அந்த இரண்டு வாட் பல்பின் வழியாகத்தான் போகிறது, ஏனென்றால் இதன் இரும்பில் மிச்சக் காந்தத்தை நம்ப முடியாது. பல்பு போனால் ஆல்டர்னேட்டர் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. ஆகவே ஆல்டர்னேட்டர் போட்ட பழைய வண்டி சார்ஜ் ஏறவில்லை என்று வந்தால், ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் சாவியை ஒரு கட்டம் திருப்பி அந்தச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். எரியவில்லையென்றால் பல்பை மாற்றுங்கள். பத்து இருபது ரூபாய்தான் ஆகும்.